சேற்றுப்புண் என்று சொல்லி வந்தவர்

“ஐப்பசி. வியாழன். விடியற்காலையிலிருந்து மழை. கடைசி நோயாளி கலியமூர்த்தி. அறுவை வேண்டாம் என்கிறார். காரணம் கேட்டேன். சொன்னார்.”

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. தேதியும் ஆண்டும் பக்கத்தின் தலையில் இருக்கின்றன. இங்கே வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கலியமூர்த்தி என்பதும் அவருடைய பெயர் அல்ல. ஊர் குத்தாலம் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சின்ன ஊர் அது. வருஷத்தை எழுதினால், கணக்குப் போட்டு ஆள் யார் என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். தேதி போடாமல் எதையும் எழுதிப் பழகாத எனக்கு இது கொஞ்சம் சிரமம்தான்.

எழுதத் தூண்டியவர் டாக்டர் அபிராமி. கும்பகோணத்தில் நான் மாலை நேரங்களில் உட்கார்ந்த கிளினிக்கை இப்போது அவர் நடத்துகிறார். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், ஒரு பேஷண்ட். லைக்கன் ஸ்கிளிரோசஸ். ஆயின்ட்மென்ட் எல்லாம் போட்டுப் பாத்தாச்சு, கேக்கல. சர்ஜனைப் பாருங்கன்னா தலையை ஆட்டறாரு. ஏன் வேண்டாங்கறீங்கன்னா சுவத்தப் பாக்கறாரு. நான் பொம்பளைங்கறதாலயா சார்?”

“எங்கிட்டயும் சுவத்தத்தாம்மா பாத்தாங்க,” என்றேன்.

அதற்குமேல் போனில் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

அந்த நோய்க்குத் தமிழில் எல்லாரும் ஒப்புக்கொண்ட பெயர் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சர்க்கரை என்று சொல்லலாம், பிரஷர் என்று சொல்லலாம். இதைச் சொல்ல ஒரு சொல்லே இல்லை. ஆண்குறியின் நுனித்தோல் வெளுத்து, காகிதம்போல் மெலிந்து, பிறகு தழும்பாக இறுகும். அரிக்கும், வெடிக்கும். தோலைப் பின்னுக்குத் தள்ள முடியாது. சிலருக்குச் சிறுநீர்த் துவாரமே சுருங்கிவிடும். இது தொற்று அல்ல. உறவால் வருவது அல்ல. ஏன் வருகிறது என்பது முழுக்கத் தெரியவில்லை. தோலுக்கடியில் தேங்கும் சிறுநீருக்கு இதில் பங்கு உண்டு என்று பலரும் கருதுகிறார்கள். வீரியமான ஸ்டீராய்டு களிம்பை முறையாகப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காதவர்களுக்கு அந்தத் தோலையே எடுத்துவிடுவதுதான் வழி. கவனிக்காமல் விட்டால் அரிதாகச் சிலருக்குப் புற்றாக மாறலாம்.

நான் தோல் மருத்துவ மேற்படிப்புப் படித்த இடத்தில் இந்த நோய்க்கு ஒரு மத்தியான வகுப்பு ஒதுக்கினார்கள். மீதியை முதல் வேலையில், தஞ்சாவூரில், என் சீஃப்பிடம்தான் கற்றுக்கொண்டேன்.

குள்ளமான மனிதர். கட்டைக் குரல். அட்டெண்டரிலிருந்து டீன் வரை யாரையும் விட்டுவைக்காமல் திட்டுவார். திரைக்குப் பின்னால் போனதும் அந்தக் குரல் எங்கே போகும் என்று தெரியாது. ஒருநாள் இப்படிப்பட்ட ஒரு நோயாளியைப் பார்க்க நான் டார்ச்சோடு திரையை விலக்கினேன். என் பின்னால் மாணவர்கள் வரிசையாக வந்தார்கள்.

“என்னய்யா, தேர் இழுக்கப் போறீங்களா? ஒருத்தர் உள்ள போங்க. மத்தவங்கள்லாம் கேன்டீன்ல போயி வடை தின்னுங்க,” என்றார்.

உள்ளே போனதும் அவர் செய்வதெல்லாம் ஒரே ஒழுங்கில் நடக்கும். மேஜைக்கடியில் ஒரு ஃபிளாஸ்க் வைத்திருப்பார். அதிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கை கழுவித் துடைப்பார். கை சில்லென்று இருக்கக் கூடாது. “நான் திரும்பி நிக்கறேன். தயாரானதும் சொல்லுங்க” என்பார். அந்த ஆள் சொல்லும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு முதலில் நகங்களைப் பார்ப்பார். வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தின் உட்பக்கம் பார்ப்பார். முழங்கை, முழங்கால், தலை. கடைசியில்தான் அங்கே. நகத்திலும் வாயிலும் தடயம் இருந்தால் அது வேறு நோய் என்பது அவர் எங்களுக்குச் சொன்ன காரணம். அது சரியான காரணம்தான். ஆனால் இவ்வளவையும் பார்த்து முடிப்பதற்குள் நோயாளியின் தோள்கள் தாழ்ந்து மூச்சு சீராகிவிடும் என்பதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. பல வருஷம் கழித்து நானாகக் கவனித்தேன்.

பார்த்து முடித்ததும், நோயின் பெயருக்கு முன்னால், மூன்று வாக்கியங்கள் சொல்வார். “இது ஒட்டற நோய் இல்ல. யார்கிட்டேருந்தும் உங்களுக்கு வரல. உங்ககிட்டேருந்து யாருக்கும் போகாது.” அதைச் சொல்லும்போது எந்தக் காகிதத்திலும் எழுதிக்கொண்டிருக்க மாட்டார். முகத்தைப் பார்த்துச் சொல்வார். அப்புறம் களிம்பைத் தன் விரல் நுனியில் பிதுக்கிக் காட்டுவார். “பச்சைப்பயறு அளவு. துவரம்பருப்பு அளவு வேண்டாம்.” கடைசியாக, “மூத்திரம் எப்படிப் போகுது? கோடாப் போகுதா, செதறுதா?” என்று கேட்பார். தோல் நோய்க்கு வந்த எல்லா ஆண்களையும், தலைப் பொடுகுக்கு வந்தவரைக்கூட, இந்தக் கேள்வி கேட்பார். எங்களுக்குச் சிரிப்பு வரும்.

திரைக்கு வெளியே வந்தவுடன் மறுபடி திட்ட ஆரம்பித்துவிடுவார்.

கலியமூர்த்தி என் கிளினிக்குக்கு முதலில் வந்தது குறுவை அறுவடை முடிந்த சமயம். என்னிடம் முன்பே கம்பவுண்டர் சொல்லியிருந்தார்: “ஒரு ஆளு சார், நேத்தும் வந்தாரு, முந்தாநேத்தும் வந்தாரு. டோக்கன் வாங்கிட்டு, பின்னாடி வர்றவங்களையெல்லாம் ‘நீங்க போங்க, நீங்க போங்க’ன்னு அனுப்பிட்டு, கடைசியில எந்திரிச்சுப் போயிடறாரு.” மூன்றாவது நாள் எழுந்து போகவில்லை. நாற்பதைத் தாண்டியவர். குத்தகை நிலத்தில் வெள்ளாமை. இடையில் மூன்று வருஷம் துபாயில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

“என்ன செய்யுது?”

“சேத்துப்புண்ணுங்க.”

செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். நடவு வயலில் நிற்பவர்களுக்கு விரலிடுக்கில் வரும் புண்ணின் பழைய தழும்பு இருந்தது, புண் இல்லை. காலை நன்றாகவே பார்த்தேன். மருந்தும் எழுதினேன். எழுதிக் கொடுத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“மூத்திரம் எப்படிப் போகுது?” என்றேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “அத எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

“கண்டுபிடிக்கல. எல்லாரையும் கேப்பேன். ஒக்காருங்க.”

காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “முன்னல்லாம் மட தொறந்த மாதிரி போவும் சார். இப்ப மடையில எரும படுத்துக்கிட்ட மாதிரி இருக்கு.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

திரைக்குப் பின்னால் போனோம். சீஃப் செய்த ஒழுங்கிலேயே செய்தேன். என்னிடமும் ஃபிளாஸ்க் இருந்தது. மருந்துக்கடையில் படைக்குக் கொடுக்கும் கலவைக் களிம்பு, டெட்டால், உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் அவர் முயன்று பார்த்திருந்தார். ஒவ்வொன்றும் அந்தத் தோலை மேலும் புண்ணாக்கியிருந்தது. மாதம் ஒருமுறை லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர் ஒருவரிடமும் போயிருக்கிறார். “சின்ன வயசுல பண்ணின தப்பு”தான் காரணம் என்று அந்த ஆள் சொன்னாராம். “சின்ன வயசுல என்ன தப்பு பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் சார். பக்கத்து வயல்ல ராத்திரி தண்ணி திருப்புனதுதான் ஞாபகத்துக்கு வந்துது.”

மூன்று வாக்கியங்களையும் சொன்னேன். ஒருதரம் தலையாட்டினார். பிறகு, “அத இன்னொருதரம் சொல்லுங்க” என்றார். சொன்னேன்.

மருந்துக்கு அவர் உடம்பு கேட்டது. அதற்கு முன்னால் ஒரு சின்னத் தடங்கல். கடைப்பையன் டியூபை நீட்டியபடி, “முகத்துலயும் மறைவான எடத்துலயும் போட்டுறாதீங்க, அட்டையிலயே போட்டிருக்கு” என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறான். இவர் “கால் சேத்துப்புண்ணுக்கு தம்பி” என்று வாங்கிக்கொண்டு போய், டியூபைத் திறக்காமலே மறுபடி என்னிடம் எடுத்து வந்தார். அட்டையில் இருப்பது பொதுவான எச்சரிக்கை, இந்த நோய்க்கு இந்த மருந்தை அங்கேதான் போட வேண்டும், அளவாகப் போட வேண்டும் என்று விளக்கினேன். சோப்பு வேண்டாம், சிறுநீர் கழித்தபின் ஒரு சொட்டும் தங்காமல் வெறுந்தண்ணீரில் கழுவி ஒற்றி எடுத்து, மேலே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும் என்றேன்.

அந்தச் சம்பாப் பருவம் முழுக்க நன்றாக இருந்தார். வெள்ளை மறையவில்லை, ஆனால் வெடிப்பு ஆறியது, அரிப்பு நின்றது. ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். மனைவியிடம் சொல்லிவிட்டாராம்.

“என்ன சொன்னாங்க?”

“‘இதுக்காய்யா மூணு வருஷமா மோட்டார் கொட்டாயில போயிப் படுத்த? நான் எவளோன்னு ஊரெல்லாம் தேடிக்கிட்டிருக்கேன்’ங்கறா சார். ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு அவளே டியூப எடுத்துக் குடுக்கறா.”

ஆனால் இது பிடிவாதமான நோய். அடுத்த வருஷமே திரும்பியது. மருந்தைக் கூட்டினேன், குறைத்தேன், மாற்றினேன். துவாரம் சுருங்கத் தொடங்கியது. பிறகு ஒரு சின்னப் புண், உளுந்து அளவுதான், ஆறாமல் நின்றது. அதிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். புற்று இல்லை. ஆனால் அப்படியே விட்டுவைக்கவும் கூடாது என்பதுதான் அந்த அறிக்கையின் பொருள். தோலை முழுவதுமாக எடுத்து, துவாரத்தையும் சரிசெய்துவிடலாம், நல்ல சர்ஜன் இருக்கிறார் என்றேன்.

அந்த ஐப்பசி வியாழன் வந்தது இதற்குப் பதில் சொல்லத்தான். நனைந்த வேட்டியோடு உட்கார்ந்தார்.

“வேண்டாம் சார்.”

வலியைப் பற்றியோ, செலவைப் பற்றியோ, ஆண்மையைப் பற்றியோ கேட்பார் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். முதுகில் ஊசி போட்டுச் செய்வார்கள், வலிக்காது என்று ஆரம்பித்தேன்.

“அது இல்ல சார். நாளைக்கு நான் செத்தா, குளிப்பாட்டும்போது பாப்பாங்க.”

எனக்கு உடனே புரியவில்லை. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எங்க பங்காளி வகையில ஆம்பள யாரு செத்தாலும் நாந்தான் சார் குளிப்பாட்டுவேன். எங்கப்பா செஞ்சாரு, அவருக்கு அப்புறம் நான். கொளத்துலேருந்து நீர்மாலைத் தண்ணி எடுத்துட்டு வந்ததும் சுத்தி மறைப்பு கட்டிருவோம். உள்ள நாலு பேரு நிப்போம். எண்ணெ, சீயக்கா தேச்சு, தண்ணி ஊத்தி, கோவணம் கட்டி, கோடி வேட்டிய சுத்தற வரைக்கும் மேல ஒண்ணும் இருக்காது.”

“செத்தவங்களை யாரு கலியமூர்த்தி பாக்கப் போறாங்க?”

“பாக்கக் கூடாதுன்னுதான் நிப்போம். ஆனாலும் கண்ணு அங்க போவும் சார். மறுநாளு டீக்கடையில பேச்சு வரும், இன்னாருக்கு இன்ன மாதிரின்னு. நானே பேசியிருக்கேன்.”

மழைச் சத்தம் பலமாக இருந்தது. குரலை உயர்த்த மாட்டார் என்பதால் நான் முன்னால் சாய்ந்து கேட்டேன்.

“சுன்னத்து பண்ணிக்கிட்டான்ம்பாங்க. துபாய்ல வேற இருந்திருக்கேனா, அங்கயே மாறிட்டான், இத்தன வருஷமா மறச்சு வச்சிருந்தான்ம்பாங்க. அதுல ஒண்ணும் தப்பு இல்ல சார், அவங்க அவங்க வழக்கம். ஆனா எம்பையன் கொள்ளி தூக்கிட்டு நிப்பான். அவங்கிட்டப் போயி எவனாவது கேப்பான். அவனுக்கு என்ன தெரியும், என்னான்னு சொல்லுவான்?”

“நான் வேணா ஒரு சர்டிஃபிகேட் எழுதித் தரேன்.”

“அத நெத்தியில ஒட்டிக்கிட்டா சார் படுத்திருக்கறது?”

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் எழுந்து போய்விட்டார். கதவருகில் குடையை மறந்துவிட்டிருந்தார். கம்பவுண்டர் எடுத்துக்கொண்டு ஓடினார், ஆள் அதற்குள் மழையில் போயாகிவிட்டது. அன்று இரவு நாட்குறிப்பில் காரணத்தை எழுதப் பேனாவை எடுத்தேன். என்னைத் தவிர யாரும் படிக்காத குறிப்பு. ஆனாலும் எழுத மனம் வரவில்லை. “சொன்னார்” என்பதோடு விட்டேன்.

சர்ஜன் அதிராம்பட்டினத்துக்காரர். இங்கே ஜமால் என்று வைத்துக்கொள்கிறேன். என்னோடு ஒன்றாகப் படித்தவர். பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். “எங்க ஊர்ல இதுக்கு மாலை போட்டு, குதிரையில ஏத்தி, ஊர் சுத்திக் கொண்டு வருவாங்கப்பா. எனக்கு அந்தக் குதிரைதான் ஞாபகம் இருக்கு, மத்தது மறந்துபோச்சு.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். “கொஞ்சம் தோலை விட்டு எடுக்கலாம். ஆனா விட்ட எடத்துல இந்த நோய் மறுபடி வரும். உனக்குத் தெரியாததா?” தெரியும்.

கார்த்திகை போனது, மார்கழி போனது. அவர் வரவில்லை. வேறு நோயாளி என்றால் ஆள் அனுப்பலாம், போன் செய்யலாம். இவர் வீட்டுக்குத் தோல் டாக்டரிடமிருந்து போன் போனால் யார் எடுப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று தெரியாது. ஒருமுறை மயிலாடுதுறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ் அவர் ஊர் விலக்கில் நின்றது. சம்பா பால் பிடித்து நின்ற நேரம். தொலைவில் வரப்பில் ஒருவர் மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்தார். அவர்தானா என்று தெரியவில்லை. நான் இறங்கவில்லை. என் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். “யாரைப் பாக்கறீங்க?” என்றாள். “யாருமில்ல” என்றேன். நோயாளியைப் பற்றி அவளிடம் பேசும் வழக்கம் எனக்குக் கிடையாது. முப்பது வருஷம் மாலைப் பொழுதுகளை ஒரு திரைக்குப் பின்னால் கழித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் விலையைப் பேசியிருக்கிறேன்.

மாசியில், அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றும் சமயத்தில் வந்தார். டோக்கன் வாங்கி, தன் முறையிலேயே உள்ளே வந்தார்.

“அந்த டாக்டருக்கு எழுதிக் குடுங்க சார். போயிப் படுத்துக்கறேன்.”

“என்ன ஆச்சு?”

“சித்தப்பா செத்துட்டாரு.”

தை கடைசியில் நடந்திருக்கிறது. அப்பாவின் தம்பி. கடுகடுவென்று இருப்பாராம். கல்யாணம் காட்சிக்குப் போனால் ராத்தங்க மாட்டார், யாரோடும் சேர்ந்து ஆற்றில் குளிக்க மாட்டார். வாய்க்கால் கரையில் ஒதுங்க உட்கார்ந்தால் எழுந்திருக்கவே வெகு நேரம் ஆகும். “சின்னப் பசங்களா இருந்தப்ப நாங்க கிண்டல் பண்ணுவோம் சார். ‘சித்தப்பா ஒக்காந்துட்டாரு, இனிமே வாய்க்காலுக்கு மொற வச்சுத் தண்ணிய நிறுத்துனாலும் எந்திரிக்க மாட்டாரு’ன்னு. மண்ண வாரி அடிப்பாரு.” கடைசியில் கிட்னி போய்விட்டது என்றார்களாம். அதற்குமேல் யாருக்கும் தெரியாது.

“மறைப்புக்குள்ள நாலு பேரு நிக்கறோம். நான் வேட்டிய அவுத்தேன். பாத்தேன். எனக்கு இருக்கற மாதிரியே இருந்துது சார். எனக்காவது பாதி. அவருக்கு மூடியே போச்சு. வெள்ளையா, சுண்டிப்போயி, ஒரு ஊசி நொழையற எடம்தான் இருந்திருக்கும்.”

அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஊர்ல எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன் சார். அவரும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு. ஒரே தெரு. பத்து வீடு தள்ளி.”

அந்தக் கிட்னிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருந்திருக்கலாம். பார்க்காத நோயாளியைப் பற்றி நான் சொல்லக் கூடாது.

“அப்புறம்?”

“அவுத்த வேட்டிய அப்படியே மேல போட்டுட்டேன். தண்ணிய அது மேலயே ஊத்துனேன். கைய உள்ள விட்டுத்தான் தேச்சு விட்டேன். பக்கத்துல நின்னவன் ‘என்னண்ணே’ன்னான். ‘ஊத்துறா பேசாம’ன்னேன். ஊத்துனான்.”

அறுவை நன்றாக நடந்தது. மேஜையில் படுத்ததும் ஜமாலிடம் “குதிரை எங்க சார்?” என்று கேட்டாராம். குதிரைக் கதையை நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். ஜமால் எனக்குப் போன் செய்து, “உன் ஆளு என்னைச் சிரிக்க வச்சே கை நடுங்க வச்சிருவாரு போல இருக்கே” என்றார். எடுத்த தோல் முழுவதையும் சோதனைக்கு அனுப்பினோம். பயப்படும்படி எதுவும் இல்லை. தையல் ஆறியபின் வந்து, “எரும எந்திரிச்சுப் போயிடுச்சு சார்” என்றார்.

அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை வருவார். மிச்சத் தோலில் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். பார்த்து முடித்ததும் சட்டென்று போக மாட்டார். மேட்டூரில் எப்போது திறப்பார்கள், கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று பேசிக்கொண்டிருப்பார். இந்த விஷயம் தெரிந்த மனிதர்கள் உலகத்தில் நாங்கள் நான்கு பேர்: அவர், அவர் மனைவி, ஜமால், நான். பேசாவிட்டாலும் அது தெரிந்த ஒருவர் எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தேவைப்பட்டது. எனக்கும் தேவைப்பட்டது என்று கிளினிக்கை விட்ட பிறகுதான் தெரிந்தது. அப்படி ஒரு வருஷம் வந்தபோது அவராகவே சொன்னார்: “சித்தப்பாவுக்குப் போட்டேன்ல சார், அதுலேருந்து எல்லாருக்கும் துணிய போட்டுத்தான் குளிப்பாட்டறேன். ஒருத்தனும் ஏன்னு கேக்கல.” பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, “நான் போனப்புறம் யாருக்காவது தேவைப்பட்டா இதச் சொல்லுங்க. பேரு மட்டும் வேண்டாம்” என்றார்.

அவர் இறந்தது ஒரு மார்கழியில். மாரடைப்பு. இந்த நோய்க்கும் அதற்கும் தொடர்பு இல்லை. மகன் அப்பாவின் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். நான் ‘சேத்துப்புண் டாக்டர்’ என்று இருந்தேனாம்.

தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். இந்த முறை விலக்கில் இறங்கினேன். வாசலில் பந்தல். அவர் மனைவி பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஒருமுறை கிளினிக்குக்கு வந்திருக்கிறார், என்னை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர், பங்காளி முறை.

“நீங்க யாருங்க?”

“தஞ்சாவூர். டாக்டர். பழக்கம்.”

“ஓ, அந்தச் சேத்துப்புண் டாக்டரா? வருஷா வருஷம் வருவானே! அது என்னங்க அப்படி ஒரு சேத்துப்புண்ணு? ஆறுச்சா இல்லையா?”

“ஆறிடுச்சுங்க.”

“கெட்டிக்காரருதான். எனக்கும் கால்ல இருக்கு, பாக்கறீங்களா?”

பிறகு பார்க்கலாம் என்றேன். அதற்குள் நீர்மாலை வந்துவிட்டது. சேலைகளால் மறைப்பு கட்டினார்கள். நான் அந்த வீட்டுக்கு எந்த முறையும் இல்லாதவன், உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். சேலைக்கும் சேலைக்கும் நடுவே கை அகல இடைவெளி. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவர் சொன்னதுபோல் கண் அங்கே போனது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஈர வேட்டி ஒன்று போட்டிருந்தார்கள். இளைஞன் ஒருவன் அதன்மேல் தண்ணீர் ஊற்றினான். மற்றொருவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை வேட்டிக்கு அடியில் விட்டுத் தேய்த்தான். அதே துணிக்கு அடியிலேயே கோவணம் கட்டினார்கள். கோடி வேட்டியைச் சுற்றிய பிறகுதான் ஈர வேட்டியை உருவினார்கள். யாரும் தயங்கவில்லை, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெளியே அவருடைய மகன் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

“துணி போட்டுத்தான் குளிப்பாட்டுவீங்களா?” என்று பெரியவரிடம் கேட்டேன்.

“ஆமாங்க. ஆம்பளைங்களுக்கு எங்க ஊர்ல இப்படித்தான்.”

“எப்பலேருந்து?”

“எப்பலேருந்துன்னா? எங்க தாத்தா காலத்துலேருந்து இதுதாங்க வழக்கம். மத்த ஊர்லதான் மானங்கெட்டத்தனமா செய்வாங்க.”

சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை, வெளியாள் வருவதைத் தடுப்பதும் இல்லை. கொள்ளி வைக்கும் வரை நின்றுவிட்டுத் திரும்பினேன். தஞ்சாவூர் வீட்டில் விளக்கைப் போட்டு, தலை முழுகி, இருந்த மோரை ஊற்றிச் சாப்பிட்டேன். என் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். எனக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற கேள்வியை அன்றும் தள்ளிப்போட்டேன்.

பெரியவர் சொன்னதைச் சரிபார்க்க முயன்றேன். இந்தப் பகுதியின் பழைய மாவட்டக் குறிப்புகள், சாதிவாரியான சடங்கு விவரங்கள் என்று என் அலமாரியில் இருப்பவற்றையெல்லாம் புரட்டினேன். எண்ணெய் வைப்பது, நீர்மாலை, கோடி, எல்லாம் இருக்கிறது. இடுப்பை மறைத்துப் போடும் துணியைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவர்கள் மறைப்புக்குள் போயிருக்க மாட்டார்கள். என்னிடம் இருக்கும் ஒரே எதிர்ச்சாட்சி, “மேல ஒண்ணும் இருக்காது” என்று மழை நாளில் கலியமூர்த்தி சொன்னது. அதையும் நான் எழுதிவைக்கவில்லை. நினைவிலிருந்துதான் சொல்கிறேன். ஊர் முழுக்க அப்படி என்றாரா, தன் வகையில் மட்டும் என்றாரா, பயத்தில் கூட்டிச் சொன்னாரா, தெரியாது. அந்த ஊரில் இன்னும் இரண்டு மூன்று பெரியவர்களைக் கேட்டால் தெரிந்துவிடும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள்.

ஆகவே, டாக்டர் அபிராமிக்கு அனுப்பும் இந்தப் பக்கங்களின் கடைசியில் இப்படிக் குறித்துவைக்கிறேன்: குத்தாலம் பக்கம் ஓர் ஊரில் இறந்த ஆண்களை ஈர வேட்டி போர்த்திக் குளிப்பாட்டுகிறார்கள். நேரில் கண்டது. இந்த வழக்கம் எப்போது, யாரால் தொடங்கியது என்பது உறுதி செய்யப்படவில்லை.